ஜூலை மாதத்து ஸ்னோவும் அம்மாவின் நத்தார் படங்களும்

ஹலோவீனுக்கு வாங்கின இனிப்புப் பை இன்னும் உடைக்கவில்லை. வாசலில் பூசணிக்காய் இருக்கிறது. அதற்குள் எங்கள் வீட்டில் நத்தார் தொடங்கிவிடும். அம்மா போர்வையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டு ரிமோட்டை மடியில் வைத்தாரென்றால், அதற்குப் பிறகு புதுவருடம் பிறக்கும்வரை அந்த டிவி அவருடையது. செய்தி பார்க்க வேண்டுமென்றால் நான் ஃபோனில்தான் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு 81 வயது. ஸ்காபரோவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். அவருடைய ஆங்கிலம் பஸ்ஸில் போய்வரவும் மருந்துக்கடையில் கதைக்கவும் காணும். படத்தில் அவர்கள் விறுவிறென்று கதைப்பது விளங்காது. ஆனால் ஹால்மார்க் நத்தார் படம் ஒன்றின் முதல் பத்து நிமிடத்தைக் காட்டினால் மிச்சக் கதை முழுவதையும் சொல்லிவிடுவார்.

"உவன் சரிவர மாட்டான். எந்த நேரமும் ஃபோனைக் காதில வச்சுக்கொண்டு நிக்கிறான். அங்கால மரம் தூக்கிறான் பார், அவனைத்தான் இவள் கட்டுவாள்."

இதுவரைக்கும் ஒரு தடவைகூட அம்மா பிழைத்ததில்லை.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் படங்களை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். ஒரு கதை சொன்னால் போதும், எல்லாப் படமும் அதற்குள் அடங்கிவிடும். பெரிய நகரத்தில், அநேகமாக நியூயோர்க்கில், விளம்பரக் கம்பெனியிலோ பத்திரிகையிலோ வேலை செய்கிற ஒரு பெண். நத்தாருக்கு ஏதோ காரணத்தால் சொந்த ஊருக்குப் போகவேண்டி வருகிறது. அங்கே அப்பாவின் பேக்கரியோ பாட்டியின் விடுதியோ மூடப்படப் போகிறது. கட்டம்போட்ட சட்டையோடு ஒரு பெடியன் நிற்பான். பள்ளிக்கூடத்துச் சிநேகிதனாக இருப்பான், இல்லையென்றால் மனைவியை இழந்து ஒரு சின்ன மகளோடு இருப்பான். இரண்டு பேரும் சேர்ந்து குக்கி சுடுவார்கள், மரம் வாங்குவார்கள், ஸ்னோ உருட்டி எறிவார்கள். முத்தமிடப் போகிற நேரம் பார்த்து யாராவது கதவைத் திறப்பார்கள். முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, அரைகுறையாகக் காதில் விழுந்த ஒரு பேச்சால் மனஸ்தாபம் வரும். கடைசி நிமிடத்தில் முத்தம். உடனே வானத்திலிருந்து ஸ்னோ கொட்டும்.

இது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. விளம்பர இடைவேளைகளுக்குப் பொருந்தும்படி கதையை ஒன்பது துண்டாக வெட்டித்தான் எழுதுகிறார்கள். எந்தத் துண்டில் என்ன நடக்கவேண்டும் என்பது எழுத உட்காருகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். பார்க்கிறவருக்கும் தெரியும். அதனால் சமையலுக்கு நடுவே எழும்பிப் போய்ப் பருப்பைக் கிண்டிவிட்டு வந்தாலும் ஒன்றும் தவறிப்போகாது.

ஹால்மார்க் என்பது முதலில் வாழ்த்து அட்டைக் கம்பெனி என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1910இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் தொடங்கியது. அவர்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உறவே ஒரு நத்தார் இரவில்தான் ஆரம்பித்தது. 1951 டிசம்பர் 24ஆம் திகதி என்.பி.சி. தொலைக்காட்சியில், தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட ஒரு ஒப்பெராவுக்கு அவர்கள் அனுசரணை கொடுத்தார்கள். பிறகு 2001இல் சொந்தமாகச் சானல் வந்தது. 2009இல் இருந்து ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு நாள் எண்ணும் நிகழ்ச்சி என்று சொல்லிப் படங்களைப் போடுகிறார்கள், இப்போதெல்லாம் அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறார்கள். 2019இல் மட்டும் அவர்களின் இரண்டு சானல்களிலும் சேர்த்து 40 புதுப் படங்கள். எங்கள் சீரியல்காரரே இந்த வேகத்தைப் பார்த்து மூச்சுவாங்குவார்கள்.

வாழ்த்து அட்டைக்காரர் இந்தப் படம் எடுப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. எங்களுக்குச் சொல்ல வராததை வேறு யாரோ அச்சடித்து வைத்திருப்பார்கள். நாங்கள் கீழே பெயரை மட்டும் எழுதி அனுப்புவோம். ஊரில் தைப்பொங்கலுக்கு அப்படித்தானே அனுப்பினோம்? பானை, கரும்பு, சூரியன். எல்லா அட்டையும் ஒன்றுதான். ஆனாலும் தபால்காரர் கொண்டுவந்து தந்தால் அதை எடுத்து அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைப்போம்.

இந்தப் படங்கள் எங்கள் வீட்டு வாசலில்தான் தயாராகின்றன என்பது வேடிக்கை. கதை நடப்பது அமெரிக்காவின் வேர்மொன்ட் என்பார்கள், எடுப்பது அநேகமாகக் கனடாவில். இங்கே படம் எடுத்தால் மத்திய அரசும் மாகாண அரசும் வரிச்சலுகை தரும். கனடியன் டொலரும் அவர்களுக்கு மலிவு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபோர்ட் லாங்லி, ஒன்ராறியோவில் ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆல்மொன்ட் போன்ற சின்ன ஊர்கள் இப்படி எத்தனையோ படத்தில் எத்தனையோ பெயரில் நடித்துவிட்டன. இரண்டு மூன்று கிழமையில் ஒரு படம் முடிந்துவிடும். டிசம்பரில் காட்டவேண்டிய படத்தை டிசம்பரில் எடுக்க முடியாது. ஆகவே பல படங்களைக் கோடையில்தான் எடுக்கிறார்கள்.

என்னுடைய மகள் வேலை கிடைத்து வன்கூவருக்குப் போன வருடம், ஒரு ஜூலை மாதத்தில் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். தெரு முழுக்க நத்தார் மரம். நடைபாதை ஓரத்தில் வெள்ளை விரிப்பை விரித்து, அதற்கு மேல் நுரை தெளித்திருக்கிறார்கள். கம்பளிக் கோட்டும் மஃப்ளரும் போட்ட ஒரு பெண் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அரைக்காற்சட்டையோடு ஒருவர் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார். "அப்பம்மாவுக்குக் காட்டுங்கோ" என்று கீழே எழுதியிருந்தாள்.

காட்டலாமா விடலாமா என்று யோசித்தேன். காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நான் அப்பவே நினைச்சனான். கதைக்கேக்க ஒருத்தற்ற வாயாலயும் புகை வாறேல்லை."

உண்மைதான். நீங்களும் அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். ஸ்னோ கொட்டும், மூச்சில் ஆவி வராது. கோட்டின் சிப் பூட்டியிருக்காது, காதை மூடித் தொப்பி இருக்காது. கையில் பிடித்திருக்கிற கோப்பிக் கோப்பை வெறுமை என்பது தூக்குகிற விதத்திலேயே தெரியும். ஊர் முழுக்க ஸ்னோ கிடக்கும், ஒருத்தரும் சவளால் அள்ளமாட்டார்கள். உப்புப் போடமாட்டார்கள். காருக்குள் ஏறினதும் கார் ஸ்டார்ட் ஆகிவிடும். காலை ஐந்து மணிக்கு மைனஸ் இருபதில் பஸ் தரிப்பில் நின்று ஃபாக்டரிக்குப் போன எங்களுக்கு இது எவ்வளவு பெரிய கற்பனை என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்ப் படத்தில் ஹீரோ இருபது பேரை அடிப்பதை நாங்கள் நம்புகிற மாதிரி இதையும் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா முந்தி தமிழ் சீரியல் பார்த்தவர். மாமியார் விஷம் வைக்கிறார், மருமகள் தாலியைக் கழற்றுகிறாள், ஆஸ்பத்திரியில் யாரோ வாயில் குழாயோடு கிடக்கிறார்கள். அப்பாவின் கடைசி மூன்று மாதமும் நாங்கள் உண்மையாகவே ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதற்குப் பிறகு அம்மா சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டார். "வீட்டில பாத்தது காணாதே?" என்றார். அந்த டிசம்பரில்தான் மகள் அவருக்கு இந்தப் படங்களைப் போட்டுக்காட்டினாள். இதில் யாரும் சாகமாட்டார்கள். சாவு நடந்திருக்கும், ஆனால் படம் தொடங்குவதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்னால். செத்தவர் ஒரு கேக் குறிப்பாகவோ மரத்தில் தொங்கவிடுகிற ஒரு கண்ணாடிப் பொம்மையாகவோ மிஞ்சியிருப்பார். அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது.

நாங்கள் சைவம். ஊரில் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் நத்தாருக்குக் கேக்கும் பலகாரமும் அனுப்பும், பாலன் குடில் பார்க்கப் போவோம். அதனால் அம்மாவுக்கு நத்தார் என்றால் என்னவென்று தெரியும். இந்தப் படங்களில் அவருக்கு முதலில் வந்த சந்தேகம், "இதில ஏன் ஒருத்தரும் கோயிலுக்குப் போகேல்லை?" என்பதுதான். சரியான கேள்வி. இவற்றில் மரம் இருக்கும், குக்கி இருக்கும், நத்தார் தாத்தா இருப்பார். யேசு பிறந்ததைப் பற்றி அநேகமாகப் பேச்சே இருக்காது. எல்லோரும் பார்க்கவேண்டும் என்று கடவுளை மெல்லமாக வெளியே வைத்துவிட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரக்கூடியதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த "எல்லோரும்" என்பதற்குள் யார் யார் என்பதில்தான் சண்டை வந்தது. வருடக்கணக்காக இந்தப் படங்களின் நாயகன் நாயகி எல்லோரும் ஏறக்குறைய வெள்ளைக்காரர்தான். 2019 டிசம்பரில், இரண்டு மணப்பெண்கள் முத்தமிடுகிற ஒரு விளம்பரத்தை ஹால்மார்க் நிறுத்தியது. எதிர்ப்பு கிளம்ப, சில நாளில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போட ஒத்துக்கொண்டது. அடுத்த வருடம் வந்த 'த கிறிஸ்மஸ் ஹவுஸ்' படத்தில், பிள்ளையைத் தத்தெடுக்கக் காத்திருக்கிற இரண்டு ஆண்கள் முக்கிய பாத்திரம். இது பிடிக்காதவர்களுக்கு வேறு சானல் கிடைத்தது. ஹால்மார்க்கின் பெரிய நட்சத்திரமாக இருந்த கான்டஸ் கமரோன் பியூர் 2022இல் 'கிரேட் அமெரிக்கன் ஃபமிலி' என்கிற சானலுக்குப் போய், அங்கே பாரம்பரியத் திருமணம்தான் நடுவில் இருக்கும் என்று சொல்லி, அதற்கும் ஒரு புயல் அடித்தது.

'த கிறிஸ்மஸ் ஹவுஸ்' எங்கள் வீட்டிலும் ஓடியது. அம்மா என்ன சொல்வாரோ என்று நான் கொஞ்சம் பயந்துகொண்டுதான் இருந்தேன். அவர் இரண்டு தடவை எழும்பிப் போனார், இரண்டு தடவையும் திரும்பி வந்து ஒரே கேள்விதான் கேட்டார். "பிள்ளை கிடைச்சுதோ?"

எங்கட நிறத்து முகங்கள் இப்போது முந்தியைவிட வருகின்றன. நான் பார்த்த அளவில், அநேகமாக நாயகியின் சிநேகிதியாக வருவார்கள். நல்ல யோசனை சொல்வார்கள், சிரிப்பார்கள், அவர்களுக்கென்று ஊர் இருக்காது. அவர்கள் நத்தாருக்கு எங்கே போகிறார்கள் என்று படம் கேட்காது.

மகளுக்கு இந்தப் படங்களில் உள்ள கோபம் வேறு. "ஏன் எப்பவும் அவள்தான் வேலையை விடோணும்?" என்று கேட்பாள். அவள் கேட்பது நியாயம். நியூயோர்க்கில் பத்து வருடம் உழைத்துப் பெரிய பதவி கிடைக்கிற கிழமையில், அந்தப் பெண் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் குக்கி சுட வந்துவிடுகிறாள். அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரன் ஏன் தன்னுடைய மரத்தை நியூயோர்க்குக்குக் கொண்டுபோய் விற்கக்கூடாது? வன்கூவரில் வேலை கிடைத்தபோது இந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் உண்மையாகவே நடந்தது. அம்மா டிவியைக் காட்டி, "இஞ்ச பார், இவளும் திரும்பி வந்திட்டாள்" என்றார். மகள் அழாக்குறையாக, "அப்பம்மா, அது படம்" என்றாள். நான் எந்தப் பக்கமும் சேராமல் தேத்தண்ணி போடப் போனேன். அது கோழைத்தனம் என்று மனைவி இன்றைக்கும் சொல்வார்.

எனக்குள்ள கோபம் காசு சம்பந்தப்பட்டது. மூடப்போகிற பேக்கரியை ஒரு நடன விழா வைத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். எத்தனை டொலர் கடன், எந்த வங்கி, என்ன வட்டி? ஒன்றும் சொல்லமாட்டார்கள். 2023 கோடையில் கனடா வங்கி வட்டியை 5 வீதத்துக்கு ஏற்றின நேரம் எங்கள் வீட்டு மோட்கேஜைப் புதுப்பிக்கவேண்டி வந்தது. மாதக் கட்டுக்காசு எவ்வளவு கூடினது என்று இங்கே எழுத விரும்பவில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கணக்குத் தெரியும். நடன விழா வைத்து அது தீராது. எங்களிடம் இருந்த ஒரே வழி, மகளின் அறையை ஒரு சர்வதேச மாணவருக்கு வாடகைக்கு விடுவது.

அம்மா மாட்டேன் என்றார்.

இந்த இடத்தில் இன்னொரு கம்பெனியைப் பற்றிச் சொல்லவேண்டும். நெட்ஃபிளிக்ஸும் இதே வியாபாரத்துக்குள் வந்து, 2017இல் 'எ கிறிஸ்மஸ் பிரின்ஸ்' என்று ஒரு படம் விட்டது. இல்லாத ஒரு நாட்டு இளவரசன், ஒரு பத்திரிகைக்காரப் பெண், ருமேனியாவில் எடுத்த மாளிகை. அந்த டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ருவிற்றரில் ஒரு பகிடி விட்டது. 18 நாளாகத் தினமும் இந்தப் படத்தைப் பார்க்கிற 53 பேர் இருக்கிறார்கள், உங்களை நோகடித்தது யார் என்று கேட்டது. நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று எட்டிப் பார்க்கிறார்களே என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபத்தைவிட அந்தக் கேள்விதான் மனதில் நின்றது. பகிடியாகக் கேட்டதுதான். ஆனால் பதில் உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

அம்மா இந்தப் படங்களில் காதலைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வெகுகாலம் பிந்தித்தான் விளங்கியது. முத்தக் காட்சிக்கு முன்னமே பல தடவை நித்திரையாகிவிடுவார். அவர் விழித்திருந்து பார்க்கிற காட்சி வேறு. அந்தப் பெண் ஊருக்கு வந்து இறங்குவாள். அம்மாவோ அப்பாவோ கதவைத் திறப்பார்கள். மாடிக்கு ஏறி, தான் சின்ன வயதில் படுத்த அறைக்குள் போவாள். கட்டில், போர்வை, பள்ளிக்கூடத்தில் வாங்கின கிண்ணம், சுவரில் ஒட்டின படம். விட்டுப்போனது எல்லாம் விட்டுப்போன இடத்தில் இருக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு படத்திலும் இந்தக் காட்சி வரும். ஒவ்வொரு தடவையும் அம்மா ஒரே வசனத்தைச் சொல்வார்.

"அறையை அப்பிடியே வச்சிருக்கினம்."

1990 ஜூனில் நாங்கள் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டபோது, இரண்டு நாளில் திரும்பலாம் என்று அம்மா தோசைக்கு உழுந்து ஊறப்போட்டுவிட்டு வந்தவர். யுத்தம் முடிந்து, காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கின பிறகு 2016இல் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு இல்லை. வீடு இருந்ததற்கு அடையாளமாகக் கிணற்றுக்கட்டும், அத்திவாரத்தில் ஒரு மூலையும் இருந்தன. அம்மா பற்றைக்குள்ளால் நடந்து, "இதில குசினி, இதில சாமியறை, இதில உன்ர மேசை" என்று கையால் காட்டிக்கொண்டு வந்தார். அழவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, தண்ணி கிடக்கு என்றார். அவ்வளவுதான். அந்த வருடம் டிசம்பரில் வழக்கத்தைவிடக் கூடப் படம் பார்த்தார் என்று மட்டும் நினைவு.

ஆகவே இந்தப் படங்கள் பொய் சொல்கின்றன என்று அவருக்குச் சொல்ல நான் யார்? போலி ஸ்னோவைக்கூட மன்னிக்கலாம். திரும்பிப் போனால் ஊர் அப்படியே காத்திருக்கும், கதவைத் திறக்க ஆள் இருக்கும், பேக்கரிக்காரருக்கு உன் பெயர் நினைவிருக்கும் என்று சொல்கிற பொய்தான் பெரிய பொய். எங்களுக்கு அது பொய் என்று யாரையும்விட நன்றாகத் தெரியும். அதே பொய்யை வருடத்துக்கு நாற்பது தடவை, முன்கூட்டியே முடிவு தெரிந்து, போர்வைக்குள் இருந்து பார்க்கிறது ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. மகள் சொல்கிற பெண்ணியக் குற்றச்சாட்டு சரி, நான் சொல்கிற காசுக் குற்றச்சாட்டு சரி. இரண்டும் அம்மாவின் சோஃபா வரைக்கும் போய்ச் சேர்வதில்லை.

மகளும் நானும் ஒருநாள் ஃபோனில் பகிடியாக எங்கட படம் ஒன்றுக்குக் கதை கட்டினோம். பே ஸ்ட்ரீட்டில் வேலை செய்கிற சட்டத்தரணி பொங்கலுக்கு ஸ்காபரோ வருகிறாள். மார்க்கம் ரோட்டில் பெரியப்பாவின் கொத்துரொட்டிக் கடை மூடப்போகிறது. அங்கே ஏப்ரன் கட்டின ஒரு பெடியன் கொத்துகிறான். கடையைக் காப்பாற்ற... இந்த இடத்தில் மகள் நிறுத்தினாள். "அப்பா, அப்ப எனக்குச் சொந்த ஊர் ஸ்காபரோதானே?" என்றாள். பகிடிக் குரல் இல்லை. எனக்கு அதுவரை அப்படித் தோன்றினதே இல்லை. ஸ்காபரோ எங்களுக்கு வந்து சேர்ந்த இடம். அவளுக்கு அது விட்டுப்போன இடம்.

அறையை வாடகைக்கு விடவில்லை. மனைவி இன்னொரு ஷிஃப்ட் எடுத்தார், நான் பழைய காரையே ஓட்டுகிறேன். இது புத்திசாலித்தனமான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கணக்காளரும் சொல்லவில்லை.

போன டிசம்பர் 23 இரவு மகள் ஐந்து நாள் லீவில் வந்தாள். வெளியே ஸ்னோ இல்லை, மழைதான் பெய்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு மேலே போனவள் அங்கிருந்து கத்தினாள்.

"அப்பா, என்ர ரூமுக்குள்ள ஏன் அரிசி மூட்டை?"

மூன்று மூட்டை. சேலில் வாங்கினது. அதற்கு அங்கால என்னுடைய வின்ரர் டயர் வைக்கிற பெட்டி, மனைவியின் தையல் மெஷின், அம்மாவின் நடக்கிற சட்டம். சுவரில் அவளுடைய பத்தாம் வகுப்பு விஞ்ஞானச் சான்றிதழ் மட்டும் அப்படியே இருந்தது, கொஞ்சம் சரிந்து. நான் என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறதற்குள் அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மேலே பார்த்துச் சொன்னார்.

"படத்தில மாதிரி எல்லாம் இருக்காது பிள்ளை. கட்டில் கிடக்குத்தானே? மூட்டையை அங்கால தள்ளிப்போட்டு வா. இது இப்பதான் தொடங்குது."